கந்தகம் கலந்த டயர்

ஜப்பான்காரன் வந்ததும் மலாக்காவில் இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி மூடிக்கொண்டது. அதன் கிடங்கில் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு வேலை போயிற்று. சிங்கப்பூருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று துணிமணிகளை எடுத்து வைத்தேன். என் மனைவி தடுத்தாள்.

"அங்க எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. இங்கதான் ஒண்ணுமே கிடைக்கல. எதைச் செஞ்சாலும் வாங்குவாங்க."

காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மலாக்கா செட்டி. சைக்கிள் பழுது பார்ப்பவர். பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வம்சம்; ஆனாலும் அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசிக்கொள்வோம். டயர் இல்லாத சைக்கிள்கள் அவர் கடையில் குவிந்து கிடந்தன. ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டம், ஊருக்குள் டயர் பஞ்சம். இருவரும் கூட்டுச் சேர்ந்தோம்.

ஷீட்டுகளை நாடாவாக வெட்டி, சக்கரத்தில் இறுக்கிச் சுற்றினோம். முதலில் வாங்கியவர் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். பிரசவம் பார்க்க புக்கிட் பாரு வரை சைக்கிளில் போகிறவர். மூன்றாம் நாள் நடுப்பகலில் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் இளகிய ரப்பரில் மணலும் கோழி இறகும் அப்பியிருந்தன.

"அண்ணே, இது சைக்கிளா, கோழியா? பிரசவ வீட்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. கூட்டாளியோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தாக் அப்பா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

தொழிற்சாலைகளில் ரப்பர் இளகாமலிருக்கக் கந்தகம் சேர்த்துச் சூடாக்குவார்கள் என்று கம்பெனியில் கேள்விப்பட்டிருந்தேன். அதை வீட்டில் சொன்னபோது, மனைவி ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிள்ளையின் சிரங்குக்குத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போட, முஸ்லிம் மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த கந்தகம்.

பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வாங்கி, கந்தகப் பொடியைக் கலந்து உறைய வைத்தோம். உருளையில் கொடுத்துப் பிழிந்து, காயவைத்து, கயிறுபோல் முறுக்கி, பெரிய சட்டியில் சுடுமணலுக்குள் புதைத்தோம். முதல் தடவை கருகிப்போனது. நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்த நாலைந்தும் வீண். பிறகு மனைவியே அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கச்சான் கடலை வறுத்துப் பழகிய கை. மணலின் சூடு அவளுக்குத் தெரிந்தது. அன்று எடுத்த ரப்பரில் நகத்தை அழுத்தினேன். பள்ளம் விழுந்து, தானே மேலே வந்தது. விரலில் ஒட்டவில்லை. மூவரும் மாறி மாறி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மறுபடி ஒட்டிச்சுன்னா உங்க வாசல்லயே போட்டுட்டுப் போயிருவேன்," என்று சொல்லித்தான் புது டயர் மாட்டிய சைக்கிளில் தாதி ஏறினார். புக்கிட் பாரு போய்த் திரும்பி வந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "குலுங்குது. ஆனா ஒட்டல."

அதன்பின் செங் என்ற ஊரிலிருந்து சீனத் தோட்டக்காரர்கள் வந்தார்கள், மீன்காரர்கள் வந்தார்கள். மரவள்ளிக்கிழங்கும் மீனும்தான் பெரும்பாலும் கூலி. போலீஸ் நிலையத்துச் சைக்கிள்களும் எங்களிடம் வரத் தொடங்கியதும், போலீஸ்காரர்களே எங்களுக்கு ஒரு வேலைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேலையற்ற ஆண்களை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. அந்தச் சீட்டு சட்டைப்பையில் இருந்ததால் தெருவில் தைரியமாக நடந்தேன்.

சண்டை முடிந்து கப்பலில் நல்ல டயர் வந்தபோது எங்களுக்கு வருத்தமில்லை. அதையும் எங்கள் கடையிலேயே விற்றோம். செங்கிலிருந்து வரும் காய்கறிக்காரர் மட்டும் பாரம் ஏற்றும் சைக்கிளுக்கு எங்கள் டயரையே கேட்பார். காற்றுப் போகாது, முள் குத்தாது என்பார். அவருக்காக மாதம் ஒருமுறை என் மனைவி மணலைச் சூடாக்குவாள்.