ஆற்றுவாய் வெட்டுமுன்

எனக்குச் சீதனமாக வைத்திருந்த வெல்லாவெளி வயலை விற்றுத்தான் அப்பா நகரத்தில், ஆற்றோரமாக, அந்தக் கட்டடத்தை வாங்கினார். முன்பு கொப்பறாத் தேங்காய் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி அது. உள்ளே சுவர் வைத்து மூன்று அறைகளாக்கினோம். முன்னறைகள் இரண்டும் வாடகைக்கு. பின்னறை எனக்கும் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளைக்கும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடில்லாமல் கல்யாணம் இல்லை.

அப்பா அதை வாங்கியது ஆடி மாதத்தில். தண்ணீர் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்தது. பின்சுவருக்கும் அதற்கும் நடுவே மாடு மேய்ந்தது. வயலில் ஒரு விரற்கடை தண்ணீர் ஏறினாலும் கண்டுபிடிக்கிற மனிதர், ஆற்றிடம் ஏமாந்துபோனார். அவருக்கு ஆறு என்றால் தோணியில் கடக்கிற இடம், அவ்வளவுதான்.

கிட்டங்கியில் ஆட்கள் குடியிருக்க நகரசபையின் அனுமதி வேண்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மனுப் போட்டோம். சபையின் சுகாதார இன்ஸ்பெக்டர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று ஆவணியும் புரட்டாதியும் போயின. அவர் வந்தது கார்த்திகையில், அடைமழை சற்று விட்ட ஒரு காலையில். கடலுக்குப் போகும் வாயை மணல் அடைத்திருந்ததால் வெள்ளம் வடிய வழியில்லை. ஆறு பொங்கி எங்கள் கக்கூசுக் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"ஐயா, ஆத்துவாய் இன்னும் வெட்டல்ல. வெட்டினா தண்ணி வத்திரும். அதுக்குப் பிறகு அளங்க," என்றார் அப்பா.

"வத்தினா வத்தட்டும். இண்டைக்கு நிக்கிற தண்ணியிலிருந்துதான் நான் அளக்கலாம்."

அளவுநாடாவின் ஒரு முனையை அப்பாவிடமே பிடிக்கக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஆற்றில் தள்ளியிருப்பேன். வாந்திபேதி வந்து போன ஊரில் அவர் சொன்னது நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. கக்கூசுக் குழிக்கும் தண்ணீருக்கும் இடையே தூரம் போதாது, சாமான் வைக்கலாம், ஆள் குடியிருக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனார்.

ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் எப்போதும் இழுபறி. அந்த வருஷமும் இழுத்து, மார்கழிக் கடைசியில்தான் வெட்டினார்கள். "புள்ள, ஓடிவா! தண்ணி போயிட்டு!" என்று அப்பா பின்சுவரோரம் நின்று கத்தினார். சேறு நாற, பழைய புல் வெளியே தெரிந்தது. இருவரும் சிரித்தோம். அன்றே அவர் சபைக்கு ஓடினார். புதிதாக மனுப் போட்டு முறைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள்.

அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். "நீங்க வாங்கினது கிட்டங்கி. வீடில்ல. எங்கட பொடியனையும் கொப்பறா மாதிரி அடுக்கி வைக்கப் போறீங்களோ?" என்று கேட்டார். மாசியில் அந்த மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. எனக்கு அழுகையைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

சித்திரை கழிந்து அனுமதி கிடைத்தது. குழியைத் தெருப்பக்கம் மாற்றித் தோண்டியிருந்ததால் இம்முறை சபையில் யாரும் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. பின்னறைக்கு முதலில் குடிவந்தவர்கள் கல்யாணம் முடிந்து ஒரு மாதங்கூட ஆகாத தம்பதி. முழங்கால் வலி என்று அப்பா வாடகை வாங்க என்னை அனுப்பினார்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"உள்ளுக்கு வாங்க அக்கா, எங்கட வீட்டைப் பாருங்க," என்றாள்.

நான் வாசலில் நின்றபடியே வாடகையை வாங்கிக்கொண்டேன்.