பச்சையன் வந்தால் ஒரே தட்டு

அந்த அலுவலகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை கழுத்து ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். யாருக்கு மூட்டு தேய்ந்தது, யாருக்குக் கண்ணில் புரை என்பதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்துக்குத் திடீரென்று ஊழியர்கள்மேல் பாசம் பொங்கியது. உடைந்த நாற்காலியை மாற்றிக் கொடுங்கள் என்றால் காது கேட்காது. ஆனால் எல்லார் திரையிலும் ஒரு பச்சைப் பொம்மையை விட்டார்கள். மணிக்கொருமுறை அது வந்து திரையை மறைத்துக்கொண்டு நிற்கும். எழுந்திரு, கையை நீட்டு, தூரத்தில் பார், நாலு அடி நட என்று ஆடிக்காட்டும். கீழே ‘செய்துவிட்டேன்’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் போகும்; பயிற்சி செய்ததாகவும் பதிவாகிவிடும். சரி, எழுந்து நடக்கலாம் என்றால், அந்த நேரத்துப் பில்லை யார் ஏற்றுவது? ஒரு நாளைக்கு இத்தனை பில் என்ற கணக்கில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லையே அந்த மகராசர்கள்!

அதற்குப் பச்சையன் என்று பெயர் வைத்தது அக்காதான். “பச்சையன் வந்தா ஒரே தட்டு, ஓடிருவான்” என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பிரிவுத் தலைவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். “தட்டிட்டு வேலையைப் பாருங்கக்கா” என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆரோக்கியத்தில் முதலிடம் என்று அந்தப் பிரிவுக்குக் கோப்பை வேறு கொடுத்தார்கள். அதைத் தலைவர் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் அக்காவின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. டம்ளர் நழுவியது, பூட்டில் சாவி திரும்பவில்லை. டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, “இப்படியே தட்டிக்கிட்டிருந்தா இந்தக் கை உங்களுக்கு உதவாது. மூணு மாசம் கீபோர்டைத் தொடக் கூடாது” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் கணவன் பஸ் கண்டக்டர். விடியற்காலை டூட்டி, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவன் பொறுப்பு. இப்போது தலை பின்னுவதும் அவன்தான். டூட்டிக்குக் கிளம்புமுன், தூங்கி வழிகிறவளை எழுப்பி உட்காரவைத்துப் பின்னிவிடுவான். பின்னல் கோணல்மாணலாக இருக்கும். அவள் வாயைத் திறக்காமல் அப்படியே ஆபீஸ் போய்விடுவாள்.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸின் ஆரோக்கிய அதிகாரி அம்மாவிடம் போனாள். வேலையால் வந்த வலி என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டால், கை தேறும்வரை அதே சம்பளத்தில் போனில் பேசுகிற பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் சம்பளமில்லாத லீவுதான்.

அதிகாரி தன் திரையைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க, ஒரு தடவைகூட விடாம எல்லாப் பயிற்சியும் செஞ்சிருக்கீங்க. இவ்வளவு ஒழுங்கா இந்த ஆபீஸ்ல யாருமே செய்யலை. அதுக்கப்புறமும் கை வலிக்குதுன்னா, அது எப்படிம்மா எங்க வேலையால வந்ததா இருக்கும்?”

“மேடம், அது சும்மா தட்டிவிட்டது. யாருமே செய்யறதில்ல.”

“அப்ப பொய்யாப் பதிவு பண்ணியிருக்கீங்க. அதுக்கு வேலையே போயிடும், தெரியுமில்ல?”

கூட வந்து பக்கத்தில் நின்ற பிரிவுத் தலைவரை அக்கா பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்க சார்.”

அவர் அதிகாரியிடம் குழைந்தார். “அக்கா பொய் சொல்ற ஆளே இல்ல மேடம். வீட்லயும் வேலை ஜாஸ்தி, அதனால வந்திருக்கும். அப்படித்தானேக்கா?” கண்ணாலேயே கெஞ்சினார். பாவி மனுஷன், தன் கோப்பைக்கு ஆபத்து வராமல் இருக்க அவள் தலையில் மிளகாய் அரைத்தான்.

வேலை போனால் என்ன செய்வது? இரண்டு சம்பளம் வந்தே வீடு இழுபறியாகத்தான் ஓடுகிறது. “ஆமா மேடம், வீட்டு வேலையாலதான்” என்றாள். சொன்ன வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல வந்தது அவளுக்கு.

அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “அதானே பாத்தேன்! உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணச் சொல்லுங்கம்மா. எல்லாத்தையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கிட்டா இப்படித்தான் ஆகும்.” அதற்கும் அவள் தலையாட்டினாள்.

வீட்டில் கணவன் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தான். “என்ன, மாத்திட்டாங்களா?” என்றான்.

“இல்ல, சம்பளமில்லாத லீவு.”

“ஏனாம்?”

மறைக்க மனசு வரவில்லை. அதிகாரி கேட்டது, தலைவர் குழைந்தது, தான் ஆமாம் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். ஒத்தாசை பண்ணச் சொன்னதையும் விடவில்லை. அவன் குழாயை மூடினான். சோப்பு நுரைக் கையோடு அவளைப் பார்த்தான்.

“எந்த வீட்டு வேலைடி? இத்தனை வருஷத்துல உன்னை நான் எதைத் தொட விட்டேன்?”