வெற்றுச் சுவர் முன் நிற்கும் வண்டி

சாகன் ஊரில் இருக்கும் எங்கள் கிடங்குக்குக் கணினிக்குள் அச்சு அசலாக ஓர் இரட்டை உண்டு. நிஜத்தில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் திரையிலும் ஓடும்; எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று டிரைவர்களுக்கு அதுவே வண்டியிலுள்ள திரையில் சொல்லும். வீண் நிறுத்தங்களைக் கண்டுபிடித்து ஒழிப்பது என் வேலை.

பழைய டிரைவர் ஷிண்டே, சுவரிலிருந்த கணபதி படத்தின் முன் தினமும் வண்டியை நிறுத்திக் கும்பிடுவார். அவர் ஓய்வு பெற்றதும் படத்தைக் கழற்றிவிட்டோம்.

இன்று புது டிரைவர் செல்வம் அந்த வெற்றுச் சுவர் முன் வண்டியை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"ஸ்கிரீன்ல 'ருக்கோ', நில்லுன்னு இந்தில வருது சார். தினமும் இங்கதான்."

ஷிண்டே ஓட்டியதைப் பார்த்துப் பழகிய இரட்டை, கும்பிடவும் கற்றிருக்கிறது.

அந்த நிறுத்தத்தை உடனே அழித்தேன். திரையில் வண்டி மறுபடியும் அங்கேயே போய் நின்றது.

செல்வம் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

இப்போது நான் ஐ.டி.க்குப் புகார் எழுதுவதா, தேங்காய் வாங்குவதா? சொல்லுங்கள்.