பிரதம அதிதிக்காக ஆறிய கஞ்சி

மகனின் உதைபந்து அணி கிண்ணம் வென்றதற்காக வைத்த இப்தார் அது. நோன்புக் கஞ்சியில் ரம்பை இலை மணந்தது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டதுதான் தாமதம், ஒலிபெருக்கி கத்தியது: "கொஞ்சம் பொறுங்க, பிரதம அதிதி வாறார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கல்லூரி வென்ற வருடமும் இதே மணம்தான். மைதானமில்லாமல் அறுத்த வயலில், தாள்கட்டை காலைக் கிழிக்கப் பழகியவர்கள் நாங்கள். இறுதிப் போட்டியை நோன்போடு ஆடினோம். கடைசிப் பந்தைப் பாய்ந்து பிடித்த கோல் காப்பாளன் வஹாபின் உதடு வெடித்திருந்தது. அன்று மாலை விருந்திலும் பாங்கு கேட்டது, அதிதியைக் காணோம்.

"பள்ளிவாசல் மணிக்கூடு முந்தி ஓடுது, ஒருத்தரும் வாய் வைக்காதீங்க" என்றார் கல்லூரி அதிபர்.

எந்த மடையன் நம்புவான்? ஆனாலும் பொறுத்தோம். கஞ்சியில் ஆடை படிந்தது. வஹாப் மயங்கிச் சரிந்தான். அவனை நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் அதிதி வந்தாராம். அன்று எடுத்த படத்தில் கிண்ணத்தோடு அவர் சிரித்தார். வென்றவர்களில் ஒருவன்கூட அதில் இல்லை.

இன்று எழுந்து போய் ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினேன். "புள்ளையள், நோன்பத் தொறங்க!"

அறிவிப்பாளர் பதறினார். "அதிதி வந்தா என்ன சொல்ற?"

"கஞ்சி முடிஞ்சிது எண்டு சொல்லுங்க."