காரோடு தூங்கும் டேப்

குளிர்காலம் வந்துவிட்டால், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த கையோடு டார்சி ஹ்ரிசாக் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போவான். காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரைச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகுவான். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "தூங்குடி கிழவி" என்பான். கல்யாணமான நாளிலிருந்து லினெட் இதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து வருகிறாள். கார்கள் மாறிவிட்டன; கிழவி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

கனடாவின் வினிபெக் நகரத்து ஜனவரியில், ராத்திரி அந்த வயர் வழியாக எஞ்சினுக்குச் சூடு கொடுக்காமல் விட்டால், காலையில் கார் கல்லாகக் கிடக்கும். அதில் யாரும் வாதாடுவதில்லை. டார்சி எதிலுமே வாதாட மாட்டான். வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டு பேஸ்மென்ட்டில் குனிந்து கிடந்துவிட்டு, கரி படிந்த காதுகளோடு திரும்புவான்.

லினெட் அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சுகாதார மையத்தில் இளம் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்கிறாள். "படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திரையை அணைச்சிடுங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு கூசும். அவள் வீட்டில் ஐந்து வயது மரீக்காவும் மூன்று வயது லெவ்கோவும் டேப்லெட்டை, அவர்கள் வாயில் 'டேப்'பை, பார்த்தபடிதான் சாப்பிட்டார்கள். அதைப் பிடுங்கினால் அழுதார்கள்; திரும்பக் கொடுத்தால் விழித்தே கிடந்தார்கள். நட்சத்திரம் ஒட்டும் அட்டை, மணியடிக்கும் கடிகாரம் என்று படித்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்ததைச் செய்ய முடியாதவளுக்கு ஊருக்குச் சொல்ல என்ன யோக்கியதை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் பள்ளி வாசலில் மரீக்காவின் டீச்சர் அவளை நிறுத்தினார்.

"கதை சொல்றப்ப இன்னைக்கும் தூங்கிட்டா. ராத்திரி சரியாத் தூங்குறாளா?"

"தூங்குறா" என்றாள் லினெட். வீடு வரைக்கும் அந்தப் பொய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் டேப்பை வாங்கப் போனாள். மரீக்கா அலறினாள். லெவ்கோ தரையில் விழுந்து உருண்டான். டார்சி அப்போதுதான் உள்ளே நுழைந்தான்.

"என்ன லின், இது வீடா, ஹாக்கி மைதானமா?"

"நீயே தூங்க வச்சுப் பாரு. நான் படிச்சதெல்லாம் தோத்துப் போச்சு."

"படிச்ச நீயே தோத்தா, இந்த பேஸ்மென்ட் எலி என்ன பண்ணும்?"

சாப்பாடு முடிந்ததும் அழுகையை நிறுத்த மரீக்காவைக் கம்பளிக்கோட்டில் சுருட்டி வெளியே தூக்கிப்போனான். டேப்பும் அவள் நெஞ்சோடு போனது.

"அப்பா, இதை ஏன் சொருகுற?"

"சொருகினாத்தான் கிழவி நல்லாத் தூங்குவா. இல்லேன்னா காலைல எழுந்திரிக்க மாட்டா. கல்லுதான்."

அவளை இறக்கிவிட்டு அவன் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டினான். திரும்பி வந்தபோது அவள் கையில் டேப் இல்லை. அவன் கவனிக்கவில்லை. உள்ளே லினெட், அவனே வாங்கி ஒளித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

காலையில் டேப்பைக் காணோம். மரீக்காதான் காரைக் காட்டினாள். குளிர் காற்று புகாமல் காரின் மூக்கில் கட்டியிருந்த துணிக்குள் அது இருந்தது. திரையெல்லாம் உறைபனி.

"கிழவிகூடத் தூங்க வச்சேன். கிழவி எழுந்திரிச்சுட்டா. இது ஏன் எழுந்திரிக்கல?"

'அப்பாடா' என்றது லினெட்டின் மனசு. உடனே வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலத்துக்குள் உறைபனி இளகி, டேப் உயிர் பெற்றுவிட்டது. செத்துப்போச்சு என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் டீச்சரிடம் சொன்ன பொய்யே இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. "முழிச்சுடுச்சு" என்று மகளிடம் நீட்டினாள்.

மரீக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குத் தூக்கம் பத்தலம்மா. அப்பா கிழவியத் தூங்க வைக்கறப்ப இதையும் வைக்கணும். இல்லேன்னா கல்லாயிடும்."

"கல்லு" என்றான் லெவ்கோ.

அன்றிலிருந்து டார்சி வெளியே வயரைச் சொருகும்போது, உள்ளே சமையலறையில் மரீக்கா டேப்பைச் சார்ஜரில் சொருகி, துண்டு போர்த்தி, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இப்ப என்ன பண்றது?" என்றான் லெவ்கோ முதல் நாளே.

டார்சிக்குக் கதை தெரியாது. தலையைச் சொறிந்தான். "இன்னைக்கு ஒரு வீட்டு ஃபர்னஸைத் திறந்தேனா, உள்ள ஒத்தை கையுறை..." என்று தொடங்கினான். அது யாருடையது என்று தெரிவதற்குள் இருவரும் தூங்கியிருந்தார்கள்.

சில வாரம் கழித்து டீச்சர் சொன்னார்: "கதை முழுக்க முழிச்சிருக்கா. கேள்வி கேட்டே என் உயிரை எடுக்குறா." லினெட் அவரிடம் உண்மையைச் சொன்னாள். பிறகு காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். மையத்திலும் இப்போது அவள் பேச்சு, "என் வீட்டுலயும் நடக்கலைங்க" என்றுதான் ஆரம்பிக்கிறது.

பனி உருகியது. டார்சி வயரைச் சுருட்டி வைத்த அன்று மரீக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கிழவிக்கு இனிமே வயர் வேணாம். அப்ப டேப்பும் தூங்க வேணாம்தானே?"

லினெட் டார்சியைப் பார்த்தாள். டார்சி காதைத் தேய்த்தான்.

"சரிதான். ஆனா அந்தப் புகைக்குழாய்க்குள்ள டார்ச் அடிச்சப்ப ரெண்டு கண்ணு தெரிஞ்சுதே, அது யாருன்னு கேக்க வேணாமா?"

முன்பொரு ராத்திரி அந்தக் கதையின் நடுவில் தூங்கிப்போனது டார்சிதான். பிள்ளைகள் முடிவுக்காக உலுக்கியும் அவன் எழுந்திருக்கவில்லை.

மரீக்கா யோசித்தாள். துண்டை எடுத்து டேப்பைப் போர்த்தினாள்.

ஆனால் அந்த ராத்திரி அவன் வேறொரு வீட்டுக் கதையைச் சொன்னான். மறுநாள் இன்னொன்று. அந்த இரண்டு கண்கள் யாருடையவை என்று லினெட்டிடம்கூட அவன் சொல்லவில்லை. பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். அவன் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.