பொம்மைத் தறி

எங்கள் முதலாளிக்கு ஒரு விளக்கு எரிந்தால் போதும். சர்க்யூட் போர்டில் அந்தப் பச்சை விளக்கு மினுக்கிவிட்டால் "ஓடுது பாத்தியா" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். ஓடாவிட்டால் அது என் புரோகிராமின் தப்பு. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் ஸ்டெபிலைசர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் அவர். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், ஜக்கார்டு தறியின் ஓட்டை போட்ட அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மின்னணுப் பெட்டி வைக்கலாம் என்று கிளம்பினார். எந்த இழையைத் தூக்குவது என்று அட்டை சொல்வதற்குப் பதிலாகப் பெட்டி சொல்லும். பெட்டிக்குள் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப். அதற்குள் எப்படிப்பட்ட சுற்று வேண்டும் என்பதை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளலாம். அதை அவர் எழுதினார். புடவை டிசைனைப் படித்து, வரிவரியாகச் சிப்புக்கு அனுப்பும் புரோகிராமை நான் எழுதினேன். நான் அப்போதுதான் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்திருந்த பெண். அவர் எழுதியிருந்ததைப் படித்த முதல் நாளே அவர்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

"ரெண்டையும் கம்ப்யூட்டர்லயே சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் சார்" என்றேன். அவருடைய சுற்று, சிப்பைப் போலவே நடிக்கும் சிமுலேட்டருக்குள் ஓடும். பக்கத்தில் என் புரோகிராம் ஓடும். நான் ஓர் எண்ணை அனுப்பினால், அது அவருடைய சுற்றுக்குள் எங்கெல்லாம் போகிறது என்று ஒவ்வொரு கடிகாரத் துடிப்பாகத் திரையில் பார்க்கலாம். யார் தப்பு என்று சண்டையே வேண்டாம்.

"போர்டு கையில இருக்குது. எதுக்குமா பொம்மைத் தறி வெச்சிக்கினு வெளையாடற?" என்றார்.

அவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. நானே உட்கார்ந்தேன். என் புரோகிராம் சிப்போடு பேசும் இடங்களை மட்டும் எடுத்துவிட்டு, சிமுலேட்டரோடு பேசும்படி மாற்றினேன். அதில்தான் பாடாய்ப் பட்டேன். நான் பதில் சொல்லும்வரை சிமுலேட்டர் பக்கக் கடிகாரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஓடுவேன். ஒருவழியாக இரண்டும் சேர்ந்து ஓடிய அன்று திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். சிவப்பு என்றால் சிமுலேட்டருக்கு 'என்ன மதிப்பு என்று தெரியாது' என்று அர்த்தம். சுற்று தொடங்கும்போது எது எந்த மதிப்பில் நிற்க வேண்டும் என்று மனிதர் ஓரிடத்தில்கூட எழுதவில்லை!

"போர்டுல ஓடுதே!"

"அதிர்ஷ்டத்துல ஓடுது சார்."

அதைச் சொன்னபோது எனக்கு உண்ட மயக்கம் போல ஒரு சுகம். அதற்குப் பிறகு பிடித்த ஒவ்வொரு தப்பையும் அறைக்கே கேட்கும்படி அறிவித்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தார்.

சிப் அனுப்புவதை வாங்கிக்கொள்ள ஒரு தறியும் வேண்டுமே. அதையும் நானே புரோகிராமாக எழுதினேன். வருவதை ஒவ்வொன்றாக வாங்கி, ஒரு வரி நிரம்பியதும் திரையில் வரையும். மயில் புட்டாவைக் கொடுத்தேன், மயில் அப்படியே வந்தது. நிஜத்தறி இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் போகவில்லை. இழையைத் தூக்கும், விடும். அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்தது எனக்கு.

பெட்டியை மாட்டச் சம்மதித்தது ஒரே ஒரு நெசவாளர். அவர் தறியில் கல்யாணப் புடவைக்குப் பாவு ஏறியிருந்தது. சரியாக வந்தால் தெருவே வாங்கும், சொதப்பினால் பெட்டியைக் கழற்றிவிடுவேன், அப்புறம் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலாளி கையில் இருந்ததையெல்லாம் போட்டது அந்தப் பெட்டியில்தான்.

பெட்டியை மாட்டி ஓட்டிய அரை மணி நேரத்தில் முதல் வரிசை மயில்கள், தறியில் புடவை பக்கவாட்டில் வருவதால் படுத்த வாக்கில், முழுசாக வந்தன. எதிரில் நின்றிருந்த முதலாளி, "உன் பொம்மை ஜெயிச்சிடுச்சும்மா" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நெசவாளர் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், பெரிய கரை பாவுலயே இந்தப் பக்கம் ஏறியிருக்குது. இதான் கால் பக்கம். மயிலு தலைய இங்கதான் வெச்சிக்கினு இருக்குது. பொண்ணு கட்டிக்கினு நின்னா அத்தனை மயிலும் தலைகீழா தொங்கும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வரிசையாக அனுப்பும்போது முதலில் போவது, பின்னால் வருபவை தள்ளத் தள்ள, இழையைத் தூக்கும் ஊசிகளில் கடைசி ஊசிக்குப் போய்ச் சேர்கிறது. என் பொம்மைத் தறியோ அதை முதல் ஊசி என்று எடுத்துக்கொண்டது. முதலாளியின் சிப்பில் ஒரு குறையும் இல்லை. என் புரோகிராம் ஒவ்வொரு வரியையும் கடைசியிலிருந்து அனுப்பினால் போதும். கம்ப்யூட்டர் தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது. பத்து நிமிஷ வேலை.

அதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுதான். இவங்க சிமுலேஷன்ல சரியா வந்துது, நானே பாத்தேன். சிப்புல பழைய சர்க்யூட்டை ஏத்திட்டேன் போல. ரெண்டு நாள் குடுங்க."

"முகூர்த்தம் நெருங்கிடுச்சு சார். இப்பவே சரி பண்ணா ஓட்டறேன், இல்லனா அட்டையக் கட்டிக்கிறேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இப்ப ஆவுமா?"

ஆகும் என்றால் தப்பு எங்கே என்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் முதலாளியை நான் பேசிய பேச்சுக்கு, அவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை எவ்வளவு மட்டமாக நினைத்திருந்தேனோ, அதைவிட மட்டமாக நின்றேன்.

"ஆகாதுங்க" என்றேன்.

நெசவாளர் அட்டைகளை எடுக்கப் போனார். முதலாளி பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டார். வழி நெடுக என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.