பொறு என்று சொல்லும் கம்பி

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் அவள் வாங்கும்போதே பழையது. அதோடு வந்த கம்ப்யூட்டர் திங்கட்கிழமை புகைந்து அணைந்தது. கணவர் லாரியோடு வெளியூரில் இருந்தார். மறுநாள் கொழுந்தன் ஒரு லேப்டாப்பும் அளவு நாடாவும் கொண்டுவந்தான். லேப்டாப் அண்ணிக்கு. நாடா, இயந்திரம் நின்ற மூலையை அளக்க. அங்கே செல்போன் ரிப்பேர் மேசை போட வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை.

“சனிக்கிழமை வரைக்கும் பாருங்க அண்ணி. ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம்.”

“ஓடினா?”

“ஓடட்டும், அப்புறம் பேசலாம்.”

தெருவில் அவளுக்கு ஸ்டிக்கரக்கா என்று பெயர். பள்ளி முடித்த வருஷம் ஒரு போர்டு கடையில் சேர்ந்து, பிளேடால் எழுத்து வெட்டப் பழகினாள். ஆள்காட்டி விரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. இயந்திரம் வந்தபின் கை ஓய்ந்தது. கண் ஓயவில்லை. கோணல் எழுத்தை எதிர்ச் சாரியிலிருந்தே பிடித்துவிடுவாள். பஸ் டிப்போவுக்கு இருபத்து நான்கு நிறுத்தப் பெயர்ப் பலகை ஒப்புக்கொண்டிருந்தாள். இயந்திரம் போனால் கொழுந்தனின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது எழுத வேண்டியதுதான்.

இயந்திரத்தின் முதுகில் கேபிள் செருக, இருபத்தைந்து ஊசி கொண்ட பழைய சீரியல் வாய். லேப்டாப்பில் இருந்தது யுஎஸ்பி மட்டும். தெருமுனை ரிப்பேர்க்காரர் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து, புதுக் கேபிள் பற்றவைத்துக் கொடுத்தார்.

“போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, எர்த் ஒண்ணு. மூணே போதும்மா. முப்பது வருஷமா இப்படித்தான் பண்றேன்.”

‘பாலம்’ அழகாக வந்தது. ‘பெரிய மருத்துவமனை’ பாதி வரை நன்றாக வந்து, திடீரென்று கத்தி குறுக்கே பாய்ந்து தாளைக் கிழித்தது. எந்த நீளமான பெயரும் ஏறக்குறைய அதே தூரத்தில் கிழிந்தது.

“வயசாயிடுச்சு அண்ணி, அதான் பாதி வழியில மறதி.”

“உனக்கு முழு வழியும் மறதி. உன்னை எந்த இரும்புக் கடையில போடறது?”

சிரித்தான். ஆனால் நாடாவைப் பையில் போடவில்லை.

வெள்ளிக்கிழமை டிப்போ எழுத்தர் மிச்சப் பெயர்களைப் போனில் மளமளவென்று வாசித்தார். “கொஞ்சம் இருங்க சார், எழுதிக்கறேன்” என்றாள். அவர் நிறுத்தினார். “ம், சொல்லுங்க.” மூன்றாம் முறை ‘இருங்க’ சொன்னபோது பேனா நின்றது. திரும்பி இயந்திரத்தைப் பார்த்தாள்.

போனை வைத்ததும், புகைந்த கம்ப்யூட்டரோடு வந்த பழைய கேபிளைப் பிளேடால் நீளவாக்கில் கீறினாள். உள்ளே ஐந்து நிறத்தில் ஐந்து கம்பி. பழையது, புதுசு இரண்டு கேபிளையும் எடுத்துப்போய் ரிப்பேர்க்காரர் முன் வைத்தாள்.

“இந்த ரெண்டு கம்பி எதுக்கு?”

“அதுவா… வாங்கினது நிறைஞ்சுட்டா, ‘பொறு’ன்னு மிஷின் சொல்றதுக்கு. இப்பல்லாம் யாரும்மா அதைப் பாக்கறாங்க?”

“என் மிஷின் பாக்குது.”

முணுமுணுத்துக்கொண்டே அந்த இரண்டு கம்பியையும் புதுக் கேபிளில் பற்றவைத்தார். வீட்டுக்கு வந்து ஓட்டினாள். மறுபடி கிழிந்தது. அன்றிரவே போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள்.

“கம்பி போட்டா மட்டும் ஆச்சா? கேக்கச் சொல்லி லேப்டாப்புக்கும் சொல்லணும்மா.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“நேத்து நீங்க கேக்கலையே.”

கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் அவர் காட்டிய இடத்தில், ‘பொறு’வைக் கேட்கும் ஃப்ளோ கன்ட்ரோல் ‘இல்லை’ என்றிருந்ததை ‘ஹார்டுவேர்’, அதாவது கம்பி வழி, என்று அவளே மாற்றினாள்.

மாலை கொழுந்தன் வந்தபோது கத்தி ‘பெரிய மருத்துவமனை’யின் நடுவில் இருந்தது. சட்டென்று நின்றது.

“நின்னுடுச்சு அண்ணி!” சுவிட்சுக்குக் கை நீட்டினான். அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாதே.”

மூன்று விநாடி. கத்தி இறங்கி, விட்ட இடத்திலிருந்தே மிச்ச எழுத்துகளை வெட்டி முடித்தது. இடுக்கியால் வேண்டாத தாளை உரித்துவிட்டு அவள் அடுத்த பெயரை அனுப்பினாள்.

கொழுந்தன் சுவிட்சிலிருந்து விலகினான். பிறகு நாடாவை இழுத்து, தன் மேசைக்கு எதிர்ச் சுவரை அளக்க ஆரம்பித்தான்.

“அண்ணி, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

“பொறு,” என்றாள். “இன்னும் இருபத்திரெண்டு இருக்கு.”